கிளிப்புக்கு ரப்பர் தேர்ந்தெடுப்பது: கொங்குப் பகுதிச் சிகிச்சையகங்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் சீரமைப்புச் சிகிச்சையகம் ஒன்று வாங்கும் பொருள்களில், எண்ணிக்கையில் மிக அதிகமானதும் விலையில் மிகக் குறைந்ததும், பல்லில் ஒட்டும் சிறு பிடிப்பானாகிய பிராக்கெட்டின் மேல் வயரை இருத்திப் பிடிக்கும் சிறு வளையம்தான். மருத்துவர்கள் அதை மாட்யூல் என்றும் லிகேச்சர் என்றும் ஓ-டை என்றும் சொல்வார்கள். கிளிப் போட்டுக்கொள்ள வருகிறவர்களுக்கு அது கலர் ரப்பர். விலை குறைவு என்பதாலேயே அதை வாங்குவதில் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. விற்பனைப் பிரதிநிதி வண்ண அட்டையை மேசைமேல் விரித்ததும், கண்ணுக்குப் பிடித்த நிறங்களில் விரல் வைத்து ஆர்டரை முடித்துவிடுகிறோம். ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், பொள்ளாச்சிப் பக்கங்களில் புதிதாகச் சிகிச்சையகம் தொடங்குவோரையும், அங்கே பொருள் வாங்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் உதவியாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்படும் இவ்வழிகாட்டி, நிறத்தைக் கடைசி இடத்துக்குத் தள்ளுகிறது. சிகிச்சை பெறுபவர் மறுபடி எப்போது வருவார், அவர் வாயில் இப்போது எந்த வயர் இருக்கிறது, வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே வண்ண அட்டையை எடுக்க வேண்டும்.

ரப்பர் என்று வாய்வழக்கில் சொன்னாலும் இந்த வளையம் இயற்கை ரப்பரால் ஆனதன்று. இழுத்தால் நீளும் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. 1960களிலிருந்து பல் சீரமைப்பில் இது புழக்கத்தில் இருக்கிறது. பிராக்கெட்டின் நான்கு சிறகுகளுக்கு அடியில் செருகப்பட்டு, நடுப்பள்ளத்தில் கிடக்கும் வயரை அழுத்திப் பிடிப்பதே இதன் வேலை. பல்லை நகர்த்துவது வயர்தான். வளையம் வயரைப் பள்ளத்துக்குள் முழுமையாக இருத்தாவிட்டால், எவ்வளவு நல்ல வயராக இருந்தாலும் அதன் விசை பல்லுக்குப் போய்ச் சேராது. வாயின் சூட்டிலும் உமிழ்நீரிலும் இந்தப் பொருள் தளர்ந்துகொண்டே போகும் என்பதையும், அத்தளர்ச்சியின் பெரும்பகுதி முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். நான்காவது வாரத்தில் கழற்றி எடுத்த வளையத்தை, பலமுறை தலைவழியே இழுத்து மாட்டிய பனியனின் கழுத்துபோலத் தொய்ந்த நிலையில் காணலாம். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை எல்லா வளையங்களையும் மாற்றுகிறோம் என்ற ஏற்பாட்டின்மேல்தான் இப்பொருளின் பயன் நிற்கிறது.

அடுத்த வருகை

அந்த ஏற்பாடு நம் பக்கத்தில் பலருக்குப் பொருந்துவதில்லை. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வடமாநிலங்களுக்குப் போகும் இளைஞர்கள் மாதக்கணக்கில் ஊர் திரும்புவதில்லை; நாமக்கல் லாரிகளில் போகிறவர்களின் நிலையும் அதுவே. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக் கூடங்களில் ஷிப்டு மாறிக்கொண்டிருப்பவர், குறித்த தேதியில் வர மனமிருந்தும் வர முடியாதவர். இவர்களுக்கு வாய் முழுவதும் ரப்பர் வளையம் போட்டு அனுப்பினால், இரண்டாம் மாதத்திலிருந்து வயர் வெறுமனே பிராக்கெட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்; திரும்பியிருந்த பல் திரும்பியபடியே நிற்கும்.

எட்டு வாரத்துக்குமேல் இடைவெளி விழும் என்று தெரிந்தால், முக்கியமான பற்களிலாவது 0.009 அல்லது 0.010 அங்குல எஃகுக் கட்டுக்கம்பியைப் பயன்படுத்துவதே சரி. அது ரப்பரைப் போல் தளர்வதில்லை. அழுக்குப் படிவதும் பொதுவாகக் குறைவு. கட்டுவதற்கு நேரம் கூடுதலாக ஆகும் என்பதும், முறுக்கிய முனையை வயருக்கு அடியில் சரியாக மடக்காவிட்டால் உதட்டைக் கிழிக்கும் என்பதும் அதன் குறைகள். விடுதிக்குப் போகும் பிள்ளையின் உதட்டை உள்புறம் விரலால் ஒரு முறை தடவிப் பார்த்து, எங்கும் குத்தவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்பே நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும். அங்கே முனை குத்தினால் மெழுகு எடுத்து வைத்துவிட யாரும் அருகில் இருக்கமாட்டார்கள். வெட்டி எடுத்த கம்பித் துண்டுகள், 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசிகளைப் போலவே துளைபடாத வெள்ளைக் கொள்கலனுக்குப் போக வேண்டியவை.

வயரும் பல்லும்

சிகிச்சையின் தொடக்கத்தில் 0.014 அங்குலம் போன்ற மெல்லிய நிக்கல் டைட்டானியம் உருண்டை வயரைப் பிடித்துவைக்க, சாதாரண வளையம் பெரும்பாலான பற்களுக்குப் போதும். மிகவும் திரும்பி நிற்கும் பல்லோ, வரிசையை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் பல்லோ இருந்தால் அங்கே வளையம் வயரைப் பள்ளத்தின் அடிவரை அழுத்துவதில்லை. அத்தகைய பல்லில் எஃகுக் கம்பியே மேல். அது கைவசம் இல்லாதபோது வளையத்தை எட்டு வடிவில் குறுக்காகத் திருப்பி மாட்டுவதுண்டு. பிடிமானம் கூடும், ஆனால் உராய்வும் உடன் கூடும்.

உராய்வைப் பற்றி இங்கே சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வளையத் தேர்வில் தவறு நேரும் இடம் பெரும்பாலும் இதுதான். பல் எடுத்த இடத்தை மூடுவதற்காக, 0.022 அங்குலப் பள்ளத்தில் 0.019 × 0.025 அங்குல எஃகு வயரைப் போட்டு அதன்மேல் பற்களைச் சறுக்கி நகர்த்தும் கட்டத்தில், கடைவாய்ப் பகுதியின் பிராக்கெட்டுகள் வயர்மேல் தடையில்லாமல் ஓட வேண்டும். அங்கே இறுக்கமான புது வளையங்களை எட்டு வடிவில் மாட்டிவிட்டு, இடம் ஏன் மூடவில்லை என்று பற்களை இழுக்கும் ரப்பர்ச் செயினின் விசையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. அந்தப் பற்களில் எஃகுக் கம்பியை முழுக்க முறுக்காமல் சற்றே தளர விட்டுக் கட்டுவதும், உராய்வைக் குறைக்கவென்றே வடிவமைக்கப்பட்டு, வயரை அழுத்தாமல் பள்ளத்தை மேலே மூடுவதோடு நிற்கும் வளையங்களைப் பயன்படுத்துவதும் வழக்கத்தில் இருக்கின்றன. மாறாக, முன்பற்களின் சாய்வைத் திருத்தச் செவ்வகக் குறுக்குவெட்டுள்ள வயரின் முறுக்கு முழுமையாகப் பற்றவேண்டிய இடத்தில் இறுக்கமே தேவை. ஒரே வாயில் முன்னால் ஒரு வகையும் பின்னால் ஒரு வகையும் இருப்பது குழப்பமன்று. சிந்தித்துச் செய்த வேலை அது.

பவர் செயின் என்பது இதே வளையங்கள் ஒன்றோடொன்று இணைந்த சங்கிலி. இடம் மூடப் பயன்படும் அச்செயினும் முதல் நாளிலேயே விசையில் பாதியையோ அதற்கும் மேலோ இழந்துவிடுகிறது என்பதால், அதை ஒவ்வொரு வருகையிலும் மாற்றியே தீர வேண்டும். செயின் மாட்டிய பல்லில் தனி வளையமும் அடியில் வேண்டுமா என்பது வயரின் இருப்பைப் பொறுத்தது. வயர் முழுமையாக அமர்ந்திருந்தால் தேவையில்லை.

மாதிரியைச் சோதித்தல்

வளையத்தின் உள்விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரும் வெளிவிட்டம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டரும் இருக்கும். சிறிய பிராக்கெட்டுக்குப் பெரிய வளையம் தொளதொளக்கும். பெரிய பிராக்கெட்டுக்குச் சிறிய வளையம் மாட்டும்போதே அறுந்துபோகும், அல்லது வலுவாக இழுப்பதில் பிராக்கெட்டே பல்லிலிருந்து பெயர்ந்துவிடும். பள்ளத்தின் அளவு 0.018 அங்குலமா 0.022 அங்குலமா என்பதைவிட, சிறகுகளின் அகலமும் அவற்றின் அடிக்குழிவும்தான் வளையத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பெட்டியாக வாங்காமல், வளையங்கள் வரிசையாக ஒட்டிவரும் குச்சி ஒன்றை மாதிரியாகக் கேட்டு வாங்கி, நீங்கள் பயன்படுத்தும் அதே பிராக்கெட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

பயிற்சிக்கென வைத்திருக்கும் பல்மாதிரியில் உங்களிடமுள்ள மிகத் தடித்த வயரைப் போட்டு, கொசு ஃபோர்செப்ஸ் எனப்படும் மெல்லிய நுனி இடுக்கியால் வளையத்தைப் பிடித்து மாட்டுங்கள். பத்து வளையங்களை மாட்டி முடிப்பதற்குள் இரண்டு மூன்று அறுந்தால் அந்தத் தயாரிப்பை விட்டுவிடலாம். குச்சியிலிருந்து பிரியும் இடத்தில் பிசிறு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பிசிறில் சோற்றுப் பருக்கை தங்கும், ஈறும் உரசும். மாட்டிய மாதிரியை வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் முழுதும் வைத்துவிட்டு, மறுநாள் வளையத்தைக் கழற்றி, புதியதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். எல்லாமே சற்று அகலும். இரு நிறுவனங்களின் வளையங்களை ஒரே பாத்திரத்தில் போட்டால் எது கூடுதலாக அகல்கிறது என்பதும் விளங்கிவிடும். அடர் சிவப்பு, அடர் நீல வளையங்களை வெள்ளைப் பஞ்சில் சுற்றி ஈரத்தில் வைத்துச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

மஞ்சள்

2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் விளையும் வட்டாரத்தில், ஒளி ஊடுருவும் வளையத்தை வாங்கி அடுக்குவது பணத்தை வீணாக்கும் செயல் என்பது என் கருத்து. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் ஏறக்குறையக் கரைவதில்லை. எண்ணெயில் நன்றாகக் கரையும். எனவே வெறும் மஞ்சள் தண்ணீரைவிட, எண்ணெயில் மஞ்சள் தூள் பொரிந்து இறங்கும் குழம்பும், நெய் ஊற்றிப் பிசைந்த அரிசிம்பருப்புச் சாதமும், பள்ளிபாளையம் சிக்கனும் வளையத்தில் சாயத்தை வேகமாக ஏற்றுகின்றன. காலையில் பளிங்குபோல் தெரிந்த வளையம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சளாகிவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். பல் துலக்கினால் அது போகாது, ஏனெனில் சாயம் மேற்பரப்பில் மட்டும் நிற்காமல் பொருளுக்குள்ளேயே ஊறிவிடுகிறது. டீயும் காபியும் இதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்கின்றன.

இரண்டாம் வருகையில் தாய்மார்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்க டாக்டர், ரப்பரே இப்படி மஞ்சளாயிருச்சுங்க, உள்ளே பல்லும் மஞ்சளாயிருமுங்களா?” அதற்கு நேரான விடை இது: “பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுங்கம்மா, ரப்பரை மாத்துனா சாயமும் அதோடயே போயிருமுங்க.” இந்த விளக்கத்தை முதல் நாளே சொல்லிவிட்டால், பிள்ளைக்குக் குழம்பே ஊற்றாமல் தயிர்ச்சோறு மட்டும் போடும் வேண்டாத பத்தியத்தைத் தவிர்க்கலாம்.

வாங்குவதற்கு முன் நிறுவனத்தின் ‘கறை படியாது’ என்ற வாசகத்தைச் சோதிப்பது எளிது. சிறு கிண்ணத்தில் நல்லெண்ணெயைச் சூடாக்கி, ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மாதிரி வளையங்களை அதில் ஒரு நாள் வைத்தெடுங்கள். பிறகு சோப்பு நீரில் கழுவி வெள்ளைத் தாளின் மேல் புதிய வளையத்தோடு வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் வளையமும் வெள்ளை வளையமும் நல்ல மஞ்சளாகும். வெளிர் நீலம் பச்சைக்குத் திரும்பும். இளஞ்சிவப்பு ஆரஞ்சு சாயலடிக்கும். சாம்பல், வெள்ளி, அடர் நீலம், அடர் பச்சை, அரக்கு ஆகியவற்றில் சாயம் ஏறினாலும் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே எவ்வித விருப்பமும் சொல்லாதவருக்குச் சாம்பல் நிறத்தையே வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். உலோகப் பிராக்கெட்டின் நிறத்தோடு அது அடங்கிப்போகும். வெள்ளை வளையம் பக்கத்திலுள்ள பல்லை மஞ்சளாகக் காட்டும். கறுப்பு வளையம் தூரத்தில் பல்லிடுக்கில் எள்ளுருண்டை ஒட்டியிருப்பது போன்ற தோற்றம் தரும் என்பதைக் கேட்பவரிடம் சொல்லிவிட்டு, அதன் பின்னும் கேட்டால் போட்டுவிடலாம்.

சிக்கல் பீங்கான் பிராக்கெட் போட்டவர்களிடம்தான். திருப்பூரில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு நாள்தோறும் பேசும் ஏற்றுமதி நிறுவன ஊழியர், கம்பி தெரியக்கூடாது என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுத்துப் பீங்கானைத் தேர்ந்தெடுக்கிறார். அதன்மேல் மஞ்சளேறிய வளையம் நின்றால் அந்தப் பணத்துக்குப் பொருளில்லை. அவருக்கு மூன்று வழிகளைச் சொல்லலாம். மேல்முன்பற்கள் ஆறில் மட்டும் வெள்ளைப்பூச்சுள்ள எஃகுக் கம்பியைக் கட்டுவது ஒன்று; பூச்சு நாளடைவில் உரியும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். ஒளி ஊடுருவும் வளையத்துக்குப் பதிலாக முத்து நிறமோ பல்நிறமோ உள்ள வளையத்தைப் போடுவது இன்னொன்று. சாயம் ஏறினாலும் அதில் சற்று மங்கலாகவே தெரியும். மூன்றாவது, இரண்டு வருகைகளுக்கு நடுவே முன்பற்களின் வளையங்களை மட்டும் மாற்றிக்கொள்ளப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருவது. சிகிச்சை தொடங்கும் முன்பே இவ்வளவும் தெரிந்திருந்தால், வளையமே தேவைப்படாத, தானாக மூடிக்கொள்ளும் வகைப் பீங்கான் பிராக்கெட்டை அவர் தேர்ந்தெடுக்கவும் கூடும்.

கல்யாணப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இதே முறைதான். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்த நாள்களுக்கு முந்திய நாள் மாலையில் வந்து புது வளையம் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டால், மறுநாள் புகைப்படம் வரைக்கும் அது தாங்கும். விருந்து அதற்குப் பிறகுதானே.

ஈறு, துலக்கல்

பல் துலக்குவதில் அக்கறையில்லாத பிள்ளையின் வாயில் ரப்பர் வளையங்களைச் சுற்றி அழுக்குப் படிந்து, ஈறு வீங்கி, பிராக்கெட்டைச் சுற்றிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றக்கூடும். அவ்வாறான வாயில் நிறத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு எஃகுக் கம்பிக்கு மாறுவது நல்லது. ஃபுளூரைடு வெளியிடும் வளையங்களும் கிடைக்கின்றன. அவை முதல் சில நாள்களில் அதிகமாக வெளியிட்டு விரைவிலேயே குறைந்துவிடுவதால், அவற்றை நம்பித் துலக்குவதில் சலுகை தர முடியாது. சேலம், தருமபுரிப் பக்கங்களில் நிலத்தடி நீரின் ஃபுளூரைடால் வெண்புள்ளிகளோடு முளைத்த பற்கள் உண்டு. அத்தகைய பற்களைக் கிளிப் ஒட்டுவதற்கு முன்பே படமெடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால், பின்னாளில் எந்தத் திட்டு யாரால் வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

வாங்கும் அளவும் வைக்கும் இடமும்

கணக்கு எளிது. இரண்டாம் முன்கடைவாய்ப் பல் வரை மேலும் கீழும் பிராக்கெட் ஒட்டினால் 20 வளையங்கள்; நான்கு பற்களை எடுத்துவிட்டுச் செய்யும் சிகிச்சையில் 16. கடைவாய்ப் பற்களில் பெரும்பாலும் பிராக்கெட்டுக்குப் பதிலாக வயர் நுழையும் குழாய் இருப்பதால் அங்கே வளையம் தேவையில்லை. ஆயிரம் வளையங்கள் கொண்ட ஒரு பொதி, அறுபடுவதையும் கீழே விழுவதையும் சேர்த்து, ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான வருகைகளுக்குப் போதும். எல்லா நிறமும் கலந்த பொதி மலிவாகத் தெரியும். ஆனால் அதிலுள்ள வெளிர் மஞ்சளையும் பழுப்பையும் எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை என்பதால், காலாவதியான பின் எறிவது அவையாகவே இருக்கும். சாம்பலில் ஒரு பெரிய பொதி, பல்நிறத்தில் ஒன்று, பிள்ளைகளுக்காக ஏழெட்டு அடர் நிறங்கள் என்று வைத்துக்கொண்டால் போதுமானது.

பாலியூரித்தேனுக்குச் சூடும் ஈரமும் வெயிலும் ஆகாது. கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயிலில், மேற்குச் சன்னலோரம் உள்ள இழுப்பறையும், ஞாயிற்றுக்கிழமை குளிர்சாதனம் நிறுத்தப்பட்ட அறையும் எவ்வளவு சூடேறும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பொட்டலத்தை இருட்டான, அறையிலேயே குளிர்ந்த இடத்தில், மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். வேனில் காலத்தில் மூன்று மாதத்துக்கான சரக்கை மொத்தமாக வரவழைப்பதைவிட மாதாமாதம் வாங்குவது மேல். கருவிகளை வைக்கும் புற ஊதாப் பெட்டிக்குள் வளையங்களையும் சேர்த்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. புற ஊதா ஒளி இந்தப் பொருளைச் சிதைக்கும் என்பதால் அதை உடனே நிறுத்த வேண்டும். ஆட்டோகிளேவிலும் கிருமிநாசினித் திரவத்திலும் நெடுநேரம் போடுவதும் கூடாது.

தூய்மைக்கு வேறு வழி இருக்கிறது. ஒருவருக்குத் தேவையான குச்சிகளை, கையுறை அணிந்து வாயைத் தொடுவதற்கு முன்பே, சுத்தமான இடுக்கியால் டப்பாவிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துவிட வேண்டும். தட்டுக்கு வந்த குச்சியில் நான்கு வளையம் மீந்தாலும் அது மறுபடி டப்பாவுக்குள் போகக்கூடாது. இதைச் சிக்கனம் என்று நினைத்துத் திரும்பப் போடும் உதவியாளரைக் கடிந்துகொள்வதைவிட, சிறு குச்சிகளாக வரும் பொதியை வாங்கித் தருவது பயனுள்ளது.

ஒவ்வாமையைப் பற்றி ஒரு சொல். பிராக்கெட்டின் மேல் போடும் வளையம் பாலியூரித்தேன் என்பதால் அதில் பொதுவாக லேடெக்ஸ் எனப்படும் இயற்கை ரப்பர்ப் பால் இருப்பதில்லை. ஆனால் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே நோயாளியே தினமும் மாட்டிக் கழற்றும் எலாஸ்டிக் பெரும்பாலும் இயற்கை ரப்பர்தான். பலூன் ஊதும்போது உதடு வீங்கியது, கையுறை பட்டால் அரித்தது என்று யாராவது சொன்னால், அவருக்கு லேடெக்ஸ் இல்லாத எலாஸ்டிக்கைத் தனியாக வரவழைத்து, அவருடைய அட்டையில் சிவப்பு மையில் குறித்துவைக்க வேண்டும்.

ஒவ்வொரு வருகையிலும் வயரின் அளவை எழுதும் வரியிலேயே எந்தப் பல்லில் ரப்பர், எந்தப் பல்லில் கம்பி, எந்த நிறுவனத்தின் எந்தத் தொகுதி எண் என்பதையும் எழுதிவைத்தால், ஒரே மாதத்தில் நான்கைந்து பேர் ரப்பர் கழன்றுவிட்டது என்று தொலைபேசியில் சொல்லும்போது, அவர்கள் எல்லோருக்கும் போட்டது ஒரே பொதியா என்று பார்த்து, மீதமுள்ளதை விற்பனைப் பிரதிநிதியிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.